ஒதுங்கி நின்று அளந்தவர்கள்

கொடைக்கானல் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் வத்தலக்குண்டிலிருந்து வளைந்து ஏறும் பஸ் ரோடுதான் நினைவுக்கு வரும். லாஸ் காட் ரோடு என்கிற அந்தச் சாலையில் வண்டி ஓட ஆரம்பித்தது 1910களின் நடுவில்தான். அதுவரைக்கும் கொடைக்கானலின் வாசல் எங்கள் பக்கம் இருந்தது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கிய துரைமார், ராத்திரியெல்லாம் மாட்டுவண்டியில் வந்து, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் மலையடியில் இருக்கும் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்குவார்கள். அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் டோலியிலோ சுமார் 12 மைல் ஏற்றம். சாமான் சட்டெல்லாம் தலைச்சுமை. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதை அதைவிடப் பழையது. வெள்ளகவிக்காரர்கள் இன்றும் அந்தப் பாதையில் ஏறி இறங்குகிறார்கள்.

1899-ல் மதராஸ் வானாய்வகத்தின் வேலை கொடைக்கானலுக்கு மாறியபோது மலைக்கு வண்டிச்சாலையே கிடையாது. மிச்சி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இயக்குநர். 2,343 மீட்டர் உயரத்தில் சூரியனைப் பார்ப்பதற்கென்றே அவர் நிறுவிய அந்த ஆய்வகத்துக்கு லென்சும் பித்தளைக் குழாயும் கடிகாரமும் போய்ச் சேர்ந்தது மனிதர்களின் தோளிலும் தலையிலும்தான். இந்தியாவின் சூரிய ஆராய்ச்சி எங்கள் மலையடிவாரத்திலிருந்து நடந்து ஏறியது என்று நான் சொன்னால் அது ஊர்ப்பெருமை இல்லை, வழி அப்படி.

நான் விஞ்ஞானி இல்லை. தேனியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவன். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் வாழைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் எங்களைப் போன்றவர்களிடம்தான் வரும். எரிந்த கம்பியை வெட்டி எடுத்து, ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, பேப்பர் வைத்து, புது எனாமல் கம்பியைச் சுற்று எண்ணிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்போம். இரும்பும் செம்பும் மின்சாரமும் சேர்ந்தால் காந்தம். அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. அதனால் காந்தத்தை அளந்தவர்களின் கதை எங்கே கிடைத்தாலும் படிப்பேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. காந்தம் அளந்தவர்கள் எல்லாருமே எதையாவது விட்டு விலகி ஓடியவர்கள். அந்த ஓட்டத்தில் நம் நாட்டின் கடைசி எல்லை இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கொடைக்கானலில் சூரியனைப் பார்த்த அதே வளாகத்தில் 1902-லிருந்து காந்தமும் அளந்தார்கள். இந்திய நில அளவைத் துறை அப்போது நாடு முழுக்கக் காந்த அளவீடு தொடங்கியிருந்தது. நிலையான ஆய்வுக்கூடங்களாக டேராடூன், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூர், பர்மாவில் டவுங்கூ, தெற்கே கொடைக்கானல் என்று நான்கு இடம் பிடித்தார்கள். தெற்கே ஒன்று வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. காந்த ஊசியை மேலும் கீழும் ஆடுகிற மாதிரி தொங்கவிட்டால் லண்டனில் அது 65 பாகைக்கும் மேலாகத் தலையைக் கவிழ்த்து நிற்கும். நம் தெற்குச் சீமையில் கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடக்கும். ஊசி முழுதாகப் படுத்துவிடும் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போவதுதான் காரணம். உலகத்தில் இந்தக் கோடு பெரும்பாலும் கடலிலும் காட்டிலும் போகிறது. ஆள் போய் உட்கார்ந்து அளக்கிற மாதிரி நிலம் கிடைத்தது சில இடங்களில்தான். பெரு நாட்டில் ஹுவான்காயோ, இங்கே நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி.

அந்தத் தென்கோடியில் கொடைக்கானலுக்கு முன்பே ஒருவர் ஏறிவிட்டார். ஜான் ஆலன் பிரவுன். திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852-ல் வந்தவர். கீழே அளப்பதும் மலை உச்சியில் அளப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க 1855-ல் அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். யானைக்காடு, அட்டை, மாதக்கணக்கில் மழை. அங்கே ஆட்களை வைத்து மணிக்கு மணி காந்த ஊசியைப் படிக்க வைத்தார். அப்படிச் சேர்த்த கணக்கிலிருந்து, பூமியின் காந்தம் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று கண்டார். சூரியன் தன்னைத் தானே சுற்றும் காலம் அதை ஒட்டி வருகிறது. அகத்தியமலையில் தொங்கிய ஊசிக்குச் சூரியன் சுழல்வது தெரிந்திருக்கிறது.

அடுத்த நான்கே வருஷத்தில் இன்னும் பெரிய சாட்சி கிடைத்தது. 1859 செப்டம்பர் முதல் வாரம் சூரியனில் பெரிய வெடிப்பு. பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் ஊசியைக் கையால் படித்து எழுதிக்கொண்டிருந்தவர்கள், காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சடசடவென்று இறங்கியதைப் பதிந்துவிட்டார்கள். நம் தெற்குப் பக்கம் பூமியின் மொத்தக் காந்தப்புலமே சுமார் 40,000 நானோடெஸ்லா. அதில் 1,600 விழுந்தது என்றால் எவ்வளவு பெரிய அடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காந்தப் புயலைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் கொலாபாவின் அந்தக் கணக்கைத் தேடிப் போகிறார்கள்.

அந்தக் கொலாபாவே இடம் பெயர வேண்டி வந்தது. பம்பாயில் குதிரை இழுத்த டிராமை மின்சார டிராமாக்கப் போகிறோம் என்றதும், தண்டவாளத்தில் ஓடப்போகும் மின்சாரம் ஊசியை ஆட்டிவிடும் என்று அதன் இயக்குநர் மூஸ் கண்டார். கடலைத் தாண்டி அலிபாகில் 1904-ல் புது ஆய்வகம் வந்தது. காந்தம் இல்லாத கல்லாகப் பார்த்து, போர்பந்தரிலிருந்து கொண்டுவந்து கட்டினார்கள். இரண்டு வருஷம் இரண்டு இடத்திலும் சேர்ந்து அளந்து, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் தைத்த பிறகுதான் கொலாபாவை விட்டார்கள். இடம் மாறினாலும் கணக்கு அறுந்துபோகக் கூடாது என்பதில் அவ்வளவு கறார்.

காந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்டால், முதலில் அங்கே என்ன இருக்கக் கூடாது என்றுதான் சொல்ல வேண்டும். இரும்பு ஆணி கூடாது. கீலும் தாழ்ப்பாளும் பித்தளை, திருகு செம்பு. உள்ளே போகிறவர் சாவிக்கொத்தையும் பேனாக்கத்தியையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். வெப்பம் மாறினால் காந்தத்தின் பலமும் மாறும் என்பதால் சுவர் தடிமனாக, ஜன்னல் இல்லாமல் இருக்கும். இருட்டில், முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும். அதன் முதுகில் ஒரு துண்டுக் கண்ணாடி. விளக்கிலிருந்து வரும் ஒளிக்கீற்று கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தள்ளி இருக்கும் உருளையில் சுற்றிய புகைப்படத் தாளில் விழும். கடிகாரம் உருளையைச் சுற்றும். காந்தம் கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பினாலும் ஒளிப்புள்ளி தாளில் நகர்ந்துவிடும். மறுநாள் தாளைக் கழுவினால் ஒரு நாளின் கோடு. பெரும்பாலும் பகலில் ஒரு மேடு, ராத்திரியில் சமதளம். சூரியனில் ஏதாவது நடந்திருந்தால் கோடு பிய்ந்து கிடக்கும்.

கொடைக்கானலின் இந்த வேலை 1923-ல் நின்றது. பிறகு ஏ.கே. தாஸ் காலத்தில், 1940களின் முடிவில் மறுபடி உயிர் பெற்றது. 1957-ல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு வந்தபோது திருவனந்தபுரத்திலும் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலை நகரிலும் காந்த ஆய்வகங்கள் திறந்தார்கள். எதற்கு இத்தனை நெருக்கமாக? அந்தப் பகல் மேடு காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் அளவுக்கு மீறி உயர்ந்தது. தலைக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தையொட்டி, பகலில் மட்டும், நடுக்கோட்டின் நெடுகிலும் ஒரு மின்சார ஆறு ஓடுகிறது என்பதுதான் விளக்கம். சிட்னி சாப்மன் 1951-ல் அதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தார். ஆறு இருக்கிறதென்று கரையிலிருந்து ஊகித்தார்கள். உள்ளே இறங்கிப் பார்க்க ராக்கெட் வேண்டும்.

ராக்கெட் ஏவ விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தும்பாவைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் போனது. இரண்டே மாதத்தில், 1964 ஜனவரியில், நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டுகளில் காந்தமானிகள் ஏறின. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் கேஹிலும் மேனார்டும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் டி.எஸ்.ஜி. சாஸ்திரியும் சேர்ந்து செய்த வேலை அது. கருவி புரோட்டான் காந்தமானி. ஹைட்ரஜன் நிறைந்த திரவம் உள்ள ஒரு குப்பி, அதைச் சுற்றிச் செம்புக் காயில். காயிலில் மின்சாரம் விட்டு நிறுத்தினால் திரவத்தில் இருக்கும் புரோட்டான்கள் வெளிக் காந்தப்புலத்துக்குத் தக்க வேகத்தில் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் அதே காயிலில் மெல்லிய ஒலி அலைவரிசையாக வரும். ராக்கெட் அந்த மின்சார ஆற்றைக் கடந்த உயரத்தில் அலைவரிசை மாறியது. ஊகமாக இருந்தது அளவாகிவிட்டது. பல பத்தாண்டுகளாகக் கொடைக்கானல் தாளில் விழுந்த கோட்டுக்குக் காரணம் ராக்கெட்டின் வாய்மொழியாகக் கிடைத்தது. விண்ணுக்குக் காந்தமானி அனுப்புவதில் நம் நாட்டின் முதல் அத்தியாயம் இது. அதன் அச்சு நம் தென்முனையின் காந்த நடுக்கோடு.

இனி வேறு கருவியின் கதை. ஃப்ளக்ஸ்கேட் என்பது அதன் பெயர். 1930களில் ஜெர்மனியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து நீர்மூழ்கியைத் தேட உதவி, 1958-ல் சோவியத்தின் மூன்றாம் ஸ்புட்னிக்கில் விண்ணுக்குப் போனது. 1962-ல் மரைனர் 2 அதைக் கொண்டு வெள்ளிக் கிரகத்துக்குப் போகிற வழியெல்லாம் சூரியக் காற்றின் காந்தத்தை அளந்தது. எங்கள் தொழில்காரனுக்கு இந்தக் கருவியின் கூத்து உடனே பிடிபடும். மோட்டாரில் நாங்கள் எதற்குப் பயப்படுவோமோ அதைத்தான் இது வேண்டுமென்றே செய்கிறது.

மோட்டாரின் இரும்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு. சுற்று குறைந்தால், வோல்டேஜ் ஏறினால் இரும்பு நிறைந்துவிடும். அதற்கு மேல் காந்தம் ஏற்காது. மோட்டார் உறுமும், சூடேறும், காயில் கருகும். ஃப்ளக்ஸ்கேட்டில் நிக்கல் கலந்த மென்காந்த உலோகத்தில் ஒரு சின்ன வளையம். அதில் ஒரு காயில் சுற்றி, நொடிக்குப் பல ஆயிரம் தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளையத்தை நிறைய நிறைய விடுகிறார்கள். வெளியே காந்தப்புலமே இல்லையென்றால் இரண்டு பக்கமும் சரிசமமாக நிறையும். வெளியே துளி காந்தம் இருந்தாலும் ஒரு பக்கம் சற்று முந்தும், மறுபக்கம் சற்றுப் பிந்தும். அந்தக் கோணல், மேலே சுற்றிய இரண்டாவது காயிலில், ஊட்டிய அலைக்கு இரட்டிப்பு அலைவரிசையில் ஒரு சமிக்ஞையாக வந்து நிற்கும். உடனே எதிர் மின்சாரம் விட்டு அதைப் பூஜ்யமாக்கி, பூஜ்யமாக்க எவ்வளவு மின்சாரம் போனது என்று பார்த்தால் அதுதான் அளவு. மூன்று திசைக்கு மூன்று. வளையத்து உலோகத்தைப் பதமாகச் சூடாக்கி ஆறவைப்பதில்தான் கருவியின் அமைதி இருக்கிறது. பதம் தப்பினால் உலோகமே முணுமுணுக்கும்.

அந்த முணுமுணுப்பை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? கிரகங்களுக்கு நடுவில் சூரியக் காற்று சுமந்துவரும் காந்தப்புலம் சாதாரண நாளில் 5 நானோடெஸ்லாவை ஒட்டித்தான் இருக்கும். தேனியில் நாம் நடமாடும் புலத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு.

2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலம் அளக்கப் போனது இந்த 5 நானோடெஸ்லாவைத்தான், மற்ற வேலைகளோடு. செங்கோட்டைக்காரரான நிகார் ஷாஜி அதன் திட்ட இயக்குநர். காந்தமானி பெங்களூரில் இஸ்ரோவின் மின்னொளியியல் ஆய்வகமான லியோஸ் செய்தது. கொடைக்கானலை நடத்துகிற இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அதே கலத்தின் பெரிய சூரியத் தொலைநோக்கியையும் செய்து கொடுத்தது. 2024 ஜனவரி 6-ல் கலம், பூமியிலிருந்து அந்த 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எல்1 புள்ளியைச் சுற்றும் பாதைக்குள் போனது. ஐந்து நாள் கழித்து, 132 நாளாக மடங்கிக் கிடந்த 6 மீட்டர் கரிம இழைக் கை சுமார் 9 நொடியில் விரிந்தது. ஐந்து துண்டாக மடியும் கை, ஸ்பிரிங் பூட்டிய கீல். நுனியில் ஒரு ஃப்ளக்ஸ்கேட், நடுவில், 3 மீட்டரில், இன்னொன்று.

பேப்பரில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கடைப்பையன் கேட்டான்: “அண்ணே, காந்தம் அளக்குற மிஷின எதுக்கு இம்புட்டு நீளக் குச்சியில தொங்கவிடுறாய்ங்க? உள்ளயே வச்சா ஆகாதா?”

“உன் போன்ல காம்பஸ் இருக்குல்ல, அத எடு” என்றேன்.

போனுக்குள்ளும் ஒரு சின்னக் காந்தமானி இருக்கிறது. அளவைக் காட்டும் செயலியைத் திறந்து, பிரித்துப் போட்டிருந்த ஒரு ஸ்டேட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன். எண் தாறுமாறாக ஏறியது. அப்படியே கடைக்கு வெளியே நடக்கச் சொன்னேன். ஷட்டரைத் தாண்டும்போது ஒரு குதி. நிறுத்தியிருந்த லாரிக்குப் பக்கத்தில் இன்னொரு குதி. பின்னால் காலிமனைக்குப் போன பிறகு 40 மைக்ரோடெஸ்லாவுக்கு, அதாவது 40,000 நானோடெஸ்லாவுக்கு, பக்கத்தில் வந்து நின்றது. அதுதான் பூமி.

“நம்ம சத்தம் அடங்குனாத்தான் அது பேசுறது கேக்கும்டா” என்றேன். அவனுக்குப் புரிந்தது.

விண்கலமும் ஒரு பட்டறைதான். சூரியத் தகட்டில் மின்சாரம் பாய்கிறது, திசை திருப்பும் சக்கரங்களில் மோட்டார் ஓடுகிறது, வால்வுகளில் காந்தம் இருக்கிறது. போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்து முறுக்கி ஒன்றின் காந்தத்தை ஒன்று அழிக்கச் செய்வார்கள், காந்தம் ஏறாத திருகு போடுவார்கள். என்ன செய்தாலும் மிச்சம் இருக்கும். அதற்குத்தான் கை. கலத்தின் காந்தம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒன்று. ஆக 3 மீட்டர் கருவி கேட்கும் கலத்துச் சத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் 6 மீட்டர் கருவி கேட்கும். சூரியக் காற்றின் புலமோ இரண்டுக்கும் ஒன்றே. இரண்டு கணக்கையும் கழித்துப் பார்த்தால் கலத்தின் பங்கு தனியாகக் கழன்று வந்துவிடும். இந்த இரட்டைக் கருவி முறையை நார்மன் நெஸ் 1971-ல் வகுத்தார். 1977-ல் கிளம்பிய வாயேஜர்களின் 13 மீட்டர் கையிலும் இதுதான்.

இதை அளந்து என்ன பயன்? 2024 மே 10-ல் சூரியப் புயல் பூமியை அடித்தபோது, லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. சூரியனிலிருந்து வரும் காந்தம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசம் திறந்துகொள்ளும், வடக்கு நோக்கி இருந்தால் அவ்வளவு சேதமில்லை. எல்1-ல் அளந்தால் அடி விழுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் தெரியும். மின்கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கு அந்த நேரம் பெரிது.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு காந்தம் திட்டமாகக் கிடக்கிறது. தேவாரம் பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம். 50,000 டன் இரும்பைத் தகடு தகடாக அடுக்கி, செம்புக் காயில் சுற்றி, சுமார் 1.5 டெஸ்லா காந்தம் ஏற்றும் திட்டம். ஆதித்யா அளப்பதைப்போல 30 கோடி மடங்கு. அதுவும் ஓடி ஒளிகிற கதைதான்: வானத்திலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலுக்குத் தப்ப மலைக்கடியில் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலை என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள், வழக்குகள் வந்தன, 2022-ல் தமிழக அரசும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதன் மாதிரியாக மதுரையில் வைத்த 85 டன் சின்னக் கருவி மட்டும் ஓடியது. அளப்பவர்களுக்கு ஒதுக்குப்புறம் வேண்டும், ஆனால் அந்த ஒதுக்குப்புறத்திலும் மக்கள் குடியிருக்கிறார்கள். மலையைக் கேட்பதற்கு முன்னால் அந்த மக்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அது போதுமான அளவு நடக்கவில்லை என்பது என் கருத்து.

நம் ஊர்ப் பள்ளிகள் வருஷாவருஷம் கொடைக்கானலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகின்றன. ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், திரும்பி வருதல். வானாய்வகத்தில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, சூரியனைப் பற்றிச் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். தேனி, போடி, கம்பம் ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவில் ஏரியில் படகு விடும் நேரத்தில் ஒரு மணியைக் குறைத்து அங்கே கூட்டிப் போங்கள். அந்தக் கருவிகள் பெரியகுளத்துப் பாதையில் ஏறின என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.